தம்பி இடுப்பில் ரோமாபுரி ராஜா

தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் சாமிகளுக்குக் குறைவே இல்லை. தம்பியின் அரைஞாண் கயிற்றிலேயே ஒரு காசின் இரு பக்கமுமாக இரண்டு பேர் தொங்கினார்கள். திருநெல்வேலிப் பக்கம் அம்மாவின் அப்பா வரப்பு வெட்டும்போது மண்வெட்டியில் தட்டுப்பட்ட வெள்ளிக்காசு அது. துளை போட்டுப் பேரனுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு பக்கம், கையில் நீளக் கம்போடு நாற்காலியில் உட்கார்ந்த பெண். மறுபக்கம், தலையில் இலைமாலை சூடிய ஆணின் முகம்.

உட்கார்ந்திருப்பவள் இசக்கியம்மன் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது. அடுத்த கல்லிச் சந்தில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, கல்யாணமாகிக் கிறிஸ்தவ வேதக்காரியானவள். அவள் கண்ணுக்கு அந்த இலைமாலை முள்முடி.

“ஆண்டவர்லா இது!”

“தாடி எங்க மதினி?”

“பிள்ளை இடுப்புல கிடந்து தேஞ்சு போச்சுளா.”

இந்த வழக்கு முற்றி இருவருக்கும் பேச்சே நின்றுபோனது. பின்னாளில் கல்லூரியில் படிக்கும்போது அதே மாதிரிக் காசை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் பார்த்தேன். அந்த முகம் ரோமாபுரி ராஜா திபேரியுவாம். அவன் ஆட்சியில்தான் இயேசுவைச் சிலுவையில் அறைந்தார்கள். அத்தையிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லும் உத்தேசமும் இல்லை.

இருவருக்கும் பேச்சு நின்றிருந்த அந்த மழைக்காலத்தில் ஒருநாள் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மருந்துக்கும் இறங்கவில்லை. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. பிள்ளை பிழைக்குமா என்று எல்லோருக்கும் பயம். அப்பா தோல் கார்கானாவுக்கு வேலைக்குப் போயிருந்தார். அம்மா காசை அவிழ்த்துக் குங்குமம் இட்டு, இசக்கி மேலே தெரியத் தலைமாட்டில் வைத்தாள். செய்தி கேட்டு ஓடிவந்த அத்தை காசைப் புரட்டி வைத்துவிட்டு முழங்காலிட்டாள். அம்மா புரட்டினாள். அத்தை மறுபடியும் புரட்டினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் கல்லியில் கிரிக்கெட்டுக்கு டாஸ் போடுகிறவள் நான்தான். என் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தச் சாமிதான் தம்பிக்குப் பொறுப்பு என்று அறிவித்து, காசைக் கூரை முட்டச் சுண்டினேன்.

“ஐயோ, சாமி தரையில விழப் போவுது!”

யார் சாமி என்று பார்க்க நேரமில்லாமல் இருவரும் ஒன்றாய் அலறிப் பாய்ந்தார்கள். அம்மாவின் கைமேல் அத்தையின் கை விழ, காசு நடுவில் அகப்பட்டது. நான் எட்டிப் பார்த்தேன். அத்தை கையை எடுக்கவில்லை.

“ஏளா, என்ன இப்படிக் கொதிக்கு உன் கை?”

“அடுப்புச் சூடு மதினி.”

“அடுப்பே பத்த வைக்கலியேளா!”

அம்மா அழுதுவிட்டாள். அத்தை அவளையும் தம்பிக்குப் பக்கத்தில் படுக்கவைத்து, இருவர் நெற்றியிலும் ஈரத்துணி போட்டு, எங்கள் ஸ்டவ்வில் கஞ்சி வைத்தாள். காய்ச்சல் இரண்டு பேரையும் விடும்வரை அவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. காசும் எப்படியோ தம்பி இடுப்புக்குத் திரும்பியிருந்தது.

எனக்கோ ஆத்திரமான ஆத்திரம். டாஸ் போட்ட அன்றே, வேலை முடிந்து வந்த அப்பாவை வாசலிலேயே மறித்தேன்.

“ரெண்டு பேரும் கள்ள ஆட்டம் ஆடுதாங்கப்பா. எந்தப் பக்கம் விழுந்துச்சுன்னு பாக்கவே இல்ல. இந்த டாஸ் செல்லாது.”

அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். அம்மாவின் தலையை மடியில் வைத்து அத்தை கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.