கப்பல் பூண்டும் கவுஞ்சி மண்ணும்

1. கன்டெய்னருக்கு அடியில்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், புதுப்புடவையோடு தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னருக்கு அடியில் குனிந்துகொண்டிருந்தேன். தாவரக் குவாரண்டைன் இன்ஸ்பெக்டர் என்றால் ஏசி அறையில் மைக்ராஸ்கோப் பார்க்கிற உத்தியோகம் என்று கொடைக்கானலில் வீட்டாரிடம் அளந்துவிட்டு வந்திருந்தேன். என் மேலதிகாரி டார்ச்சைக் கையில் கொடுத்தார். அடியில் காய்ந்த சேறு. சேற்றில் விரல்நகம் அளவில் நத்தைகள்.

"உள்ள என்ன சரக்குன்னு கஸ்டம்ஸ்காரங்க பாத்துக்கிடுவாங்க. கூட என்ன ஒட்டிக்கிட்டு வருதுன்னு பாக்கறதுதாம்மா நம்ம சோலி" என்றார்.

அதைத்தான் ஓய்வுபெறும்வரை பார்த்தேன். சரக்கு அடுக்கிவரும் மரப் பேலட்டுக்குள் துளை போட்ட வண்டு, பேக்கிங் வைக்கோலில் வேற்றுநாட்டுக் களைவிதை. கப்பல் ஆடாமலிருக்க நிரப்பிவரும் பாலஸ்ட் தண்ணீரில்கூட எங்கோ ஒரு கடலின் சிப்பிக்குஞ்சு வரும்; அதைப் பார்ப்பது வேறு இலாகா. சரக்கை நிறுத்தினால் இறக்குமதியாளர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "ஒரு பூச்சிக்கா மேடம் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"வயித்துல முட்டையோட இருந்தா ஒண்ணே போதும்யா" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

2. சமையல் பூண்டு

சாப்பாட்டுப் பூண்டு கன்டெய்னரில் வரும்போது கேஸ் போட்டு, அதாவது விஷவாயுவால் ஃபுமிகேஷன் செய்து, 'சமையலுக்கு மட்டும், நடக்கூடாது' என்ற கண்டிஷனோடு வெளியே விடுவோம். கேஸ் பூச்சியைக் கொல்லும். பூண்டின் வேர்ப்பக்கம் ஒளிந்திருக்கும் பூஞ்சாணத்தைக் கொல்லும் என்று நம்பமுடியாது. கண்டிஷன் அதற்காகத்தான்.

"சட்டில போடுறத யாரு மேடம் மண்ணுல போடப்போறா?" என்று ஒரு கிளியரிங் ஏஜென்ட் சிரித்தார்.

அவர் பூண்டு விளைகிற ஊரில் பிறக்கவில்லை. விதை தீர்ந்துபோன வருஷத்தில் விவசாயி எதையும் நட்டுப் பார்ப்பான் என்று நான் சொன்னேன். அவர் அதற்கும் சிரித்தார்.

3. கவுஞ்சி

ஓய்வுபெற்று கொடைக்கானலுக்கே திரும்பிவிட்டேன். மேல்மலைக் கிராமமான கவுஞ்சியிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கேரட் கொண்டுவரும் பாண்டியம்மாள் ஒருநாள் காலையில் போன் செய்தாள்.

"நீங்க கப்பல்ல பூச்சி பாத்தவுகதான மேடம்? எம் பூண்டெல்லாம் மஞ்சளடிச்சுக் கெடக்கு. வெரசா வாங்க."

அவள் காடு சரிவின் மேல் தட்டு. அதற்குக் கீழே படிப்படியாக இறங்கும் தட்டுகளில் முதலாவது அவள் ஓரகத்தி முத்தம்மாவுடையது. அதற்கும் கீழே மற்ற வீட்டார் காடுகள். எல்லாவற்றிலும் பூண்டு. பாண்டியம்மாள் ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். வேரே இல்லாமல் கையோடு வந்தது. அடியில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூசணம், அதில் கசகசா அளவில் கறுப்பு மணிகள். வெள்ளை அழுகல் நோய் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"விதை எங்க வாங்குன?"

முந்தின வருஷ மழையில் அவள் விதையில் பெரும்பகுதி அழுகிவிட்டது. பழனி பஜாரில் பெரிய பல்லாக வெள்ளைப்பூண்டு பார்த்து வாங்கியிருக்கிறாள். "கடைக்கார பாய் சொல்லத்தான் செஞ்சாரு, இது வெளிநாட்டுச் சரக்கு, விதைக்கு ஆகாதும்மான்னு. நாந்தான் அடுப்புக்கு மேல பொகையில கட்டித் தொங்கவிட்டா எந்த நோவும் போயிரும்னு நெனச்சேன்."

மேல்மலையில் விதைப்பூண்டைக் காய்ந்த தண்டோடு சேர்த்துக் கட்டி அடுப்புக்கு மேலே புகையில்தான் தொங்கவிடுவார்கள். புகை பட்ட பூண்டு கெடாது என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. அது அவர்கள் பூண்டுக்கு. இந்த நோய்க்கு அந்தப் புகை போதாது.

"என்ன மருந்து அடிக்கணும் மேடம்?"

மருந்து இல்லை என்றேன். அந்த மணிகள் வருஷக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும், இந்தத் தட்டில் இனி உன் காலத்தில் பூண்டு வேண்டாம் என்றேன். இதை மெதுவாகச் சொல்ல ஒரு வழி இருந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. அடுத்த மழையில் சேறு கீழே இறங்கினால் முத்தம்மா காடு, பிறகு மொத்தச் சரிவும் என்றேன்.

அவள் கீழே பார்த்தாள்.

வீட்டில் மிச்சமிருந்த வாங்கின பூண்டும், மழைக்குத் தப்பிய அவளுடைய சொந்தப் பூண்டு நாலு கட்டும் ஒரே கம்பில் உரசிக்கொண்டு தொங்கின. "இது எங்க பூண்டு மேடம், இதயுமா?" என்றாள். ஆமாம் என்றேன். அவளே இறக்கி எரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எல்லாச் செடியையும் பிடுங்கி அழிக்கச் சொல்லியிருந்ததால் மறுநாள் வெள்ளனே போனேன். கவுஞ்சியில் ஒரு காட்டில் இழப்பு என்றால் கூப்பிடாமலே ஆள் வரும், அவரவர் மண்வெட்டியோடு. அன்றும் வந்துவிட்டார்கள். பிடுங்கி முடிக்கிற உத்தேசத்தில் முத்தம்மா முதல் ஆளாக வரப்பில் ஏறினாள். அந்த மண்வெட்டிகளும் அந்தக் கால்களும் சாயங்காலம் அவரவர் காட்டுக்குத் திரும்பும். நான் வாயைத் திறக்குமுன் பாண்டியம்மாள் கத்தினாள்.

"ஏலே, யாரும் உள்ள வராதீக! என் மண்ணு ஒங்க கால்ல ஒட்டக்கூடாது."

"என்னக்கா, எங்கள அத்து விடுறியா?" முத்தம்மா வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

"ஒங்க காடாவது பொழைக்கட்டும் தாயி."

வெளியே நின்றபடியே அவர்கள் தங்கள் பக்கத்தில் தண்ணீர் இறங்காமல் வரப்பை உயர்த்தினார்கள். உள்ளே பாண்டியம்மாள் தனியாக ஒவ்வொரு செடியாகப் பிடுங்கிச் சாக்கில் போட்டாள். வேலை முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். துறைமுகத்தில் நாம் சரக்கை நிறுத்தும்போது நமக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நாம் கோட்டைவிட்டது மலையேறிவிட்டால், அதை நிறுத்துகிறவளுக்கு எல்லாமே நஷ்டம். அதனால் கன்டெய்னரை நன்றாகப் பாருங்கள்.

பொழுது சாய, பாண்டியம்மாள் கடைசிச் சாக்கைக் கட்டிவிட்டு வரப்போரம் வந்தாள். அவளைத் தூக்கிவிட முத்தம்மா கையை நீட்டினாள்.

"தொடாத" என்று பாண்டியம்மாள் பின்வாங்கினாள். "கழுவிக்கிட்டு வாரேன்."

வாளியில் காலையும் கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். முத்தம்மா நீட்டிய கையை இறக்கவே இல்லை.