மாடி ரூம் பெண்ணின் முக்காடு

என் வீட்டுக்காரர் போன பிறகு ஜூஜுவாடி வீட்டில் நான் ஒருத்திதான். மகனுக்குப் புனேயில் வேலை. மாடியில் இருந்த ஒற்றை ரூமில் பீகாரிலிருந்து வந்த புருஷனும் பெண்சாதியும் குடியிருந்தார்கள். அவன் பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தான். கொஞ்சம் தமிழ் பேசுவான். அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

தினமும் காலையில் அவள் குடத்தோடு குழாயடிக்கு இறங்குவாள். என்னைக் கண்டதும் முந்தானையை மோவாய் வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நிற்பாள். நான் உள்ளே போகும்வரை அசையமாட்டாள்.

தாலி இழந்தவள் முகத்தில் காலையில் விழிக்கக் கூடாது என்று எங்கள் பக்கம் நினைப்பார்கள். ஊத்தங்கரையில் ஒரு கல்யாணத்தில் தாலியை எல்லாரும் தொட்டுக் கும்பிடத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். என் முன்னால் வந்த தட்டு நிற்காமல் பக்கத்தில் இருந்தவளிடம் போய்விட்டது. அதற்கப்புறம் நான் கல்யாணங்களுக்குப் போவதில்லை. இப்போது சொந்த வாசலிலேயே ஒருத்தி முகத்தை மூடுகிறாள்.

எதிர்வீட்டம்மாவிடம் சொன்னேன்.

"உம் மூஞ்சியில முழிச்சா அவ புருசனுக்கு ஓவர்டைம் கெடைக்காதுன்னு பயமா இருக்கும்க்கா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் அவனைக் கூப்பிட்டு, மாதம் முடிந்ததும் ரூமைக் காலி பண்ணச் சொன்னேன்.

"என்ன தப்பு அம்மா?"

"தப்பு ஒன்னுமில்லப்பா. சொந்தக்காரங்க வர்றாங்க." யாரும் வருவதாக இல்லை.

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். பொழுது போகாததற்கு நூலகத்திலிருந்து கதைப் புத்தகம் எடுத்து வருவேன். அந்த மாதம் அங்கிருந்த பெண் கொடுத்தது வடநாட்டுக் கதை ஒன்று, தமிழில் எழுதியது. அதில் ஒரு மருமகள். மாமியார் வந்தாலும் முக்காடு, பக்கத்து வீட்டுக் கிழவி வந்தாலும் முக்காடு. ஒருநாள் மறந்துபோய்த் திறந்த முகத்தோடு நின்றுவிட்டு, பெரியவர்களுக்கு மரியாதை தெரியாதவள் என்று பேச்சு வாங்கி அழுகிறாள்.

அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்கும்போது என் குழாயடிதான் கண்ணில் நின்றது.

உடனே மாடிக்குப் போயிருக்கலாம். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டே இரண்டு நாள் ஓட்டிவிட்டேன். மூன்றாம் நாள் வாசலில் ஆட்டோ நின்றது. மூட்டையும் ஸ்டவ்வும் ஏறியாகிவிட்டது.

"இங்கயே இருந்துக்கங்கப்பா" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அட்டிபெலேல ரூம் பாத்தாச்சு அம்மா. அட்வான்ஸ் குடுத்தாச்சு. பரவால்ல."

அவள் முக்காட்டோடு வந்து குனிந்து என் காலைத் தொட்டாள். என் வீட்டுக்காரர் போன பிறகு என்னிடம் யாரும் ஆசீர்வாதம் கேட்டதில்லை. தலையில் கை வைக்கலாமா, சுமங்கலிக்கு என் கை ஆகுமா என்று நான் தயங்கி நின்றேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அவளே எழுந்து போய்விட்டாள்.

ஒன்றரை வருஷம் என் தலைக்கு மேல் குடியிருந்தவள். அவள் முகம் எனக்குத் தெரியாது.