எலும்பு வலியும் அம்மன் தந்த வெயிலும்

1998 ஆவணியில் தரையில் உட்கார்ந்தால் என்னால் எழும்ப முடியவில்லை. இடுப்பும் தொடையும் விலாவும் இரவு பகலாக வலித்தன. முந்தின வருடத் தொடக்கத்தில்தான் மார்புப் புற்றுநோய்க்காகக் கொழும்பில் ஒரு பக்கத்தை எடுத்து, கதிர்ச் சிகிச்சை என்று கரண்டும் வைத்து அனுப்பியிருந்தார்கள். நோய் எலும்புக்கு இறங்கிவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. பயத்தில் கிளினிக்குக்கும் போகவில்லை.

நாங்கள் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவில் பூவரசங்குளத்தில் வயல் வேலை செய்து பிழைப்பவர்கள். கரண்டு வைத்த இடத்தில் வெயில் படக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை என் மாமியார் இறுகப் பிடித்துக்கொண்டார். வாசலில் கால் வைத்தால் போதும், "உள்ளுக்குப் போ தாயி, வெயில் பட்டா நோவு திரும்பிரும்" என்று ஓடி வருவார். யன்னலுக்கும் சாக்குக் கட்டிவிட்டார். ஒன்றரை வருடம் அந்த அறையிலேயே கிடந்தேன். வெயிலில் வளர்ந்தவள் நான், கோபம் கோபமாக வரும். ஆனால் எனக்காக நேர்ந்து தீ மிதித்தவரிடம் என்னவென்று சண்டை போடுவது?

சண்டையை அம்மனிடம் போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை சுவரைப் பிடித்துக்கொண்டு மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்றேன். "சாகடிக்கிறதுன்னா சாகடி. பயந்து பயந்து சாக என்னால முடியாது. உண்மையத் தெரிஞ்சுக்கத் தைரியம் குடு தாயே."

கொடுத்தாள். அன்று மாலையே கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யுத்த காலம், வவுனியாவை விட்டு வெளியே போக அப்போது பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். அவர் அலைந்து அதை எடுத்து என்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போனார்.

அங்கே யாழ்ப்பாணத்து டாக்டர் அம்மா ஒருவர் எலும்பைப் படம் பிடித்து, இரத்தமும் சோதித்தார். முடிவு சொல்லக் கூப்பிட்டபோது கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"எலும்பில புற்றுநோய் இல்லை," என்றார். பிறகு வெளிறிப்போன என் கைகளைப் பார்த்தார். "நீங்கள் வெயிலுக்கை போறேல்லையோ?"

நடந்ததைச் சொன்னேன்.

"கரண்ட் வைச்ச இடத்தைத்தானே மூடச் சொன்னது? உங்களை ஆர் பூட்டிவைக்கச் சொன்னது? விட்டமின் டி நல்லாக் குறைஞ்சு போச்சு. அதுதான் இந்த எலும்பு நோ."

அது கூடினால் புற்றுநோய் திரும்பாதா என்று கேட்டேன்.

"அது குறைஞ்ச பெண்களுக்கு இந்த நோய் கடுமையாப் போகுது எண்டு சிலர் சொல்லினம். நான் உறுதி சொல்ல மாட்டன். ஆனா உடம்பு பலமா இருக்க வேணும். நான் தாற விட்டமின் குளிசையைப் போடுங்கோ, வெயிலில நடவுங்கோ. கிளினிக்கை மட்டும் விடாதேங்கோ."

வீட்டில் சொன்னதும் மாமியார் நேரே போய் யன்னல் சாக்கை அறுத்தெறிந்தார். மறுநாள் காலை முற்றத்தில் பாய் விரித்து என்னை உட்காரவைத்து, "நானே ஒன்னக் கொன்னுருப்பேனே" என்று அழுதார்.

"அதான் கொல்லலையே. தேத்தண்ணி குடுங்க அத்தை," என்றேன்.

மெல்ல மெல்ல வலி விட்டது. இப்போது 2001. அன்றிலிருந்து ஒரு கிளினிக்கையும் நான் தவறவிடவில்லை. நாளைக்கு என்ன என்பது அம்மனுக்குத்தான் தெரியும், ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு அதற்குக் காத்திருக்க மாட்டேன்.

அடியார்களே, உடம்பில் கட்டியோ வலியோ வந்தால் மறைக்காதீர்கள். அம்மனிடம் தைரியம் கேளுங்கள். அவள் தந்ததும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

இந்த ஆடியில் உச்சி வெயிலில் நான் பாற்குடம் எடுத்தேன். கரண்டு வைத்த பக்கத்துக்கு மட்டும் குடை பிடித்தபடி மாமியார் கோயில்வரை கூடவே நடந்து வந்தார்.