ஏழாவது ஆள்

சிராங்கூன் சாலையை ஒட்டிய திடலில் நிற்கிறேன். ஐந்து மணிக்குக் கால்பந்து ஆட்டம். பத்து நிமிடமே இருக்கிறது. எங்கள் பக்கம் ஆறு பேர்தான் வந்திருக்கிறார்கள். பதினொரு பேர் ஆட வேண்டிய ஆட்டத்தில் ஏழு பேராவது இல்லாவிட்டால் ஆட விடமாட்டார்கள். ஏற்கெனவே இரண்டு முறை அப்படி ஆகிவிட்டது. இன்றும் ஆனால் கிளப்பின் பெயரையே லீக் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் சேவியர்தான் செயலாளர். அவர்களுடைய கம்பத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் பந்து உதைத்தவர்கள் தொடங்கிய கிளப் இது. கம்பம் என்று அவர்கள் சொல்லும் அந்தக் கிராமத்தைப் போன வருடம் இடித்துவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள்.

பேருந்து வருகிறது. யாரும் இறங்கவில்லை.

“மணியம் துவாஸ்ல ஃபேக்டரில வேலை செய்றான். காலையில போன் பண்ணப்ப கண்டிப்பா வர்றேன்னான் லா,” என்கிறார் சேவியர். சட்டை அவர் முதுகில் ஒட்டியிருக்கிறது.

“நான் ஆடட்டுமா?” என்று கேட்கிறேன்.

“உங்க பேரு லிஸ்ட்ல இல்லையே, சார்.”

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அப்போது டாக்சி ஒன்று வந்து நிற்க, தொழிற்சாலைச் சீருடையோடு மணியம் இறங்கி ஓடி வருகிறார்.

ஏழு பேரும் மூச்சு வாங்க ஓடி, ஒன்பது கோல் வாங்கித் தோற்கிறார்கள். நடுவர் தன் தாளில் கிளப்பின் பெயருக்கு நேரே ‘ஆடியது’ என்று எழுதுவதைப் பார்த்த பிறகுதான் சேவியர் புல்லில் உட்காருகிறார்.