லிப்ஸ்டிக் இல்லாத ஹெப்சி அக்கா

வள்ளியூருக்குத் தெற்கே ஒரு காற்றாலையின் அடியில் வேலையாக நின்றபோது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஹெப்சி அக்கா பாளையங்கோட்டை வீட்டில் காபி போடும்போது விழுந்தாராம். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடிப்பு என்றார்கள். முந்தின நாள்தான் என் பாதுகாப்பு பெல்ட்டை இழுத்துப் பார்த்து, "கொக்கியப் பாருலே, என் உதட்டப் பாத்துட்டு நிக்காத" என்று திட்டியிருந்தார். எந்த இயந்திரமும் நிற்பதற்கு முன் சத்தமோ சூடோ காட்டும். இவர் ஒன்றும் காட்டவில்லை. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நம் காற்றாலைத் தளத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். பாதுகாப்பு மேற்பார்வையாளர். தலையில் மஞ்சள் ஹெல்மெட், உதட்டில் அடர் சிவப்பு லிப்ஸ்டிக். புதிதாக வருகிறவன் அதைப் பார்த்துச் சிரிப்பான். பெல்ட் மாட்டாமல் ஏணியில் கால் வைத்து அவரிடம் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு சிரிக்க மாட்டான்.

நானும் அவரும் ஒரே சபை. திருவிருந்தில் திராட்சரசம் குடிக்க எங்களுக்கு எல்லோருக்கும் ஒரே பாத்திரம். அதன் விளிம்பில் கறை படக் கூடாது என்று, முழங்கால் போடுவதற்கு முன் கைக்குட்டையால் உதட்டை அழுத்தித் துடைத்துவிடுவார். வெளியே வந்ததும் ஸ்கூட்டர் கண்ணாடியில் பார்த்து மறுபடி போட்டுக்கொள்வார். கோயிலுக்கு வரும்போதாவது இதை விடக் கூடாதா என்று சபைப் பெரியவர் ஒருவர் கேட்டார். "பாத்திரம் சபைக்குள்ளது அண்ணாச்சி, தொடைச்சிட்டேன். உதடு என்னோடதுல்லா" என்றார் அக்கா.

சவப்பெட்டியில் பார்த்தபோது எனக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை. குளிப்பாட்டிய பெண்கள் வெள்ளைச் சேலை கட்டி, உதட்டை வெறுமையாக விட்டிருந்தார்கள். அம்மாவை இப்படி அனுப்ப மாட்டேன் என்று மகள் லிப்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு சித்தி அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். திருவிருந்துக்குப் போகிற மாதிரி எவ்வளவு சுத்தமாக இருக்கிறாள், அப்படியே போகட்டும் என்றார். போதகர் ஜெபத்துக்குக் காத்திருந்தார். எல்லோரும் அக்காவின் கணவரைப் பார்த்தார்கள். சபையில் அதிர்ந்து பேசாத மனிதர்.

"திருவிருந்து முடிஞ்சிட்டும்மா. வெளிய வந்தா அவ போடுவாள்லா" என்று சித்தியிடம் சொல்லிவிட்டு மகளிடமிருந்து லிப்ஸ்டிக்கை வாங்கினார்.

அவரே போட்டார். கோடு உதட்டைத் தாண்டியது. மகள் சுண்டுவிரலால் ஓரத்தைச் சரிசெய்தாள். அப்போதுதான் அது ஹெப்சி அக்கா.

மூடப்போகிற பெட்டிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். அதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். பொட்டல் காடு, சுற்றிலும் காற்றாலைகள், அங்கே யார் பார்க்க இதைப் போடுகிறீர்கள் என்று.

"நான் பாக்கேன்லா" என்றார் அக்கா அன்று.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பதில்தான். இனி அவர் பார்க்க மாட்டார் என்பதை மட்டும் என் மூளை ஏற்க மறுக்கிறது.