நாற்பதுக்குப் பதினைந்து

முதலில் என் தவறை எழுதிவிடுகிறேன். அந்தப் படகுத்துறைதான் பொறியாளராக நான் தனியாகக் கையெழுத்திட்ட முதல் வரைபடம். நீலகிரியில் குந்தா பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். பழைய பங்களாவை முதலாளி சுற்றுலா விடுதியாக்கியிருந்தார். அதன் முன்னால் எஸ்டேட்டுக்குச் சொந்தமான ஏரி. நவம்பரில் நான் போனபோது கரை தளும்ப நின்றது.

நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். எத்தனை படகு? இரண்டு, மிதித்து ஓட்டுவது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று முதலாளியைக் கேட்டேன்.

"கல்யாண போட்டோவுக்கு முப்பது பேர் நிக்கணும். நாப்பதடி நீளம், பதினஞ்சடி அகலம். வரைஞ்சு குடும்மா."

"ரெண்டு படகுக்கு இவ்வளவு வேண்டாம் சார்."

"எந்த ஊரு நீ?"

"ஊட்டி, காந்தல்."

"அப்ப தண்ணிய கொடத்துலதான் பாத்திருப்ப."

அன்றைய ஆழத்தை அளந்தேன். துறையின் முனை வரும் இடத்தில் ஐந்தடி. தரையில் ஊன்றிய தூண்கள், மேலே பலகை. அவர் கேட்ட அளவிலேயே வரைந்து, மூன்று பிரதிகளில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அந்தத் தண்ணீரை அங்கே எதற்குத் தேக்கி வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் என் நோட்டில் இல்லை.

தூண் வரும் இடங்களைக் காட்டக் கரையோரத் தண்ணீரில் நான்கு முளைக்குச்சி அடித்தபோது எஸ்டேட்டின் பம்ப் ஆபரேட்டர் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, தை மாசம் இந்த ஏரியப் பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

"பனி உறைய ஆரம்பிச்சா தெனம் ஸ்பிரிங்க்ளர் ஓடும். உறைபனியில தேயிலைச் செடி கருகாம இருக்கிறதே இந்தத் தண்ணியிலதானுங்க. நீங்க முளை அடிச்ச எடத்துல அப்ப மாடு மேயும்."

அன்றே முதலாளிக்குக் கடிதம் எழுதினேன். வேலையைத் தொடங்க வேண்டாம். தண்ணீர் இறங்கினால் துறையின் முனைக்குக் கீழே சேறுதான் இருக்கும். ஏதாவது பிள்ளை ஏரி என்று நம்பிக் குதித்தால் கால் போய்விடும். அவர் போனில் கூப்பிட்டார்.

"கட்டப்போறது நான். கையெழுத்து உன்னுது. எங்கிட்ட பத்திரமா இருக்கு. பயமா இருந்தா வேற தொழில் பாரு."

அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்கத்தான் ஜனவரியில் மறுபடி போனேன். நான்கு முளைகளும் வெடித்த சேற்றில் நின்றன. தண்ணீர் அவற்றைத் தாண்டி வெகுதூரம் உள்ளே போயிருந்தது. முதலாளி பிடிவாதமாக இறக்கி வைத்த மரத்தூண்கள் கரையில் அடுக்கிக் கிடந்தன.

முதலாளி என்னைப் பார்க்காமல் ஆபரேட்டரிடம் சொன்னார்: "நாளையிலேர்ந்து பம்ப நிறுத்து. தண்ணி ஏரியிலயே நிக்கட்டும்."

"நிறுத்திடலாமுங்க. செடி கருகறத வர்ற விருந்தாளிங்க பலகை மேல உக்காந்து பாக்கட்டும்."

முதலாளிக்கு முகம் சிவந்தது. திட்டினார், ஆபரேட்டரை அல்ல, என்னை. "படிச்ச பொண்ணுன்னு நம்பினேன். ஒரு எளவும் தெரியல." அதில் பாதி உண்மை என்பதால் நின்று கேட்டுக்கொண்டேன். பிறகு பங்களா வராந்தா மேஜையில் புதிய வரைபடத்தை விரித்தேன். பதினாறுக்கு எட்டு. ட்ரம்கள் மேல் மிதப்பது, தண்ணீரோடு ஏறி இறங்கும். இடம் பங்களா முன்னால் அல்ல. கோடையிலும் ஆழம் இருக்கிற மதகுப் பக்கம். ஒரே நேரத்தில் எட்டுப் பேர், அதற்கு மேல் கூடாது.

"போட்டோ எங்க எடுப்பான்?"

"கரையில சார்."

வரைபடத்தை என் பக்கம் தள்ளி, "கையெழுத்தப் போட்டுத் தொலை" என்றார்.

"பழைய பிரதிகளைக் குடுத்தாத்தான் இதுல கையெழுத்துப் போடுவேன்."

கோப்பிலிருந்து இரண்டை உருவி மேஜையில் எறிந்தார். இரண்டிலும் குறுக்கே கோடிழுத்து 'ரத்து' என்று எழுதினேன். பேனாவை மூடவில்லை.

"இன்னும் என்ன?"

"மூணாவது."

"அதெல்லாம் தொலைஞ்சு போச்சு."

நான் உட்காரவில்லை. டீ வந்தது, அவருக்கு மட்டும். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றேன். கடைசியில் எழுந்து போய், ஜீப்பின் முன் பெட்டியிலிருந்து மூன்றாவதைக் கொண்டுவந்து தந்தார். அதற்குப் பிறகுதான் பதினாறுக்கு எட்டில் கையெழுத்திட்டேன்.