இரண்டு பக்கத்துக்கும் ஒரே ட்ரிப் சுவிட்ச்

திருகோணமலைக்கு மாற்றலாகி வந்த முதல் மாதத்திலேயே ஃபிரிட்ஜ் என்னைக் கடித்தது. கடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்து கைப்பிடியைத் தொட்டேன். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை சுரீரென்று ஏதோ ஓடியது. கையை உதறிக்கொண்டு நின்றேன். சொல்வதற்கு வீட்டில் ஒருவரும் இல்லை.

உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தேன். ஒரு அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை. ஒரே வீடாக இருந்ததை நடுவில் சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். முன்பகுதியில் வீட்டுக்காரப் பெண் தனியாக இருந்தார். அவருக்குத் தெருவாசல், எனக்குப் பக்கத்து ஒழுங்கை, ஒரு ஒடுங்கிய சந்து. அம்மா இறந்த பிறகு வவுனியாவில் இருக்கப் பிடிக்காமல் நானாகவே கேட்டு வாங்கிய மாற்றம் அது. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞர் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அலுவலகத்தில் "போயிட்டு வாறன்" என்று சொன்னால், அடுத்த வார்த்தை பேசுவது திங்கட்கிழமை காலையில்தான். அப்போது குரல் கரகரக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டுதான் முதல் வார்த்தையைச் சொல்வேன்.

வீட்டுக்கார அக்காவுக்கு அறுபதுக்கு மேல் வயதிருக்கும். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகள் அவுஸ்திரேலியாவில், மெல்பேர்ணில். ஒழுங்கை முகப்பில் கண்டால் தலையசைப்போம், அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் விஷயத்தை அங்கே வைத்துத்தான் அவரிடம் சொன்னேன்.

"அக்கா, என்ட ஃபிரிட்ஜில கரண்ட் அடிக்குது."

"செருப்புப் போட்டுக்கொண்டு தொடுங்கோ தங்கச்சி. எனக்கும் அப்பிடித்தான். கனகாலமா அடிக்குது," என்றார், மழை பெய்கிறது என்பதைப் போல.

இரண்டு வாரம் செருப்போடு சமைத்தேன். ஒருநாள் மறந்துபோய் வெறுங்காலோடு தொட்டபோது அடித்த அடியில் பால் பெட்டி கைநழுவி விழுந்து குசினி முழுவதும் பாலானது. குந்தியிருந்து துடைத்தேன். நான் இங்கே செத்து விழுந்தால் திங்கட்கிழமை பத்து மணிக்கு முன் யாருக்கும் தெரியவராது என்ற எண்ணம் அப்போது வந்தது. பயமாக வரவில்லை. ஒரு கணக்கைப் போல வந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

அலுவலகத்தில் விசாரித்தபோது கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு வயரிங்காரரைச் சொன்னார்கள். முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் விதத்தில் எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிட்டார்கள். சனிக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருந்தது. அதை எடுத்து ஃபிரிட்ஜின் கதவில் வைத்தார். டெஸ்டருக்குள் இருந்த சின்ன பல்ப் மினுங்கியது. பிறகு ஃபிரிட்ஜைக் கழற்றிவிட்டு, சுவரிலிருந்த பிளக் பொயின்டின் மேல் துளையில் வைத்தார். அங்கேயும் மினுங்கியது.

"ஃபிரிட்ஜ்ல பிழையில்ல மிஸ். இது ஏர்த் துளை. கரண்ட் கசிஞ்சா மண்ணுக்குள்ள கொண்டுபோறதுதான் ஏர்த்து. இங்க அது மண்ணுக்குப் போகாம உங்கட ஃபிரிட்ஜுக்கு வருது. வீட்டுல வேற எங்கயோ கசியுது. கசிஞ்சா கரண்டை நிப்பாட்டுற ட்ரிப் சுவிட்ச் எங்க?"

"முன்னுக்கு. அக்கா வீட்டில."

"அப்ப அங்க போவம்."

அப்படித்தான் முதல்முறையாக முன்பகுதிக்குள் போனேன். கூடத்தில் நான்கு பிரம்புக் கதிரைகள் இருந்தன. மூன்றில் பழைய பேப்பர்கள் அடுக்கியிருந்தன. ஒன்றில் மட்டும் ஆள் இருந்த பள்ளம். ட்ரிப் சுவிட்ச் கதவு நிலைக்கு மேலே, கூரைக்குக் கிட்ட இருந்தது. நானா ஒரு கதிரையிலிருந்த பேப்பர்களை இறக்கி வைத்துவிட்டு அதன்மேல் ஏறினார்.

"இந்த T எண்ட பொத்தானை அமத்தினா சுவிட்ச் விழணும். முழு வீட்டுக்கும் கரண்ட் நிக்கணும். பாருங்க."

அமத்தினார். டக்கென்று சுவிட்ச் விழுந்தது. ஆனால் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. மூவரும் அண்ணாந்து அந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நானா மூடியைக் கழற்றினார். சுவிட்சைத் தாண்டிப் போவதற்கென்றே உள்ளே இரண்டு துண்டு வயர் போட்டிருந்தது.

"ஆரு அக்கா இதை டைரெக்ட் பண்ணின?"

அக்கா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நான்தான் ஒரு பெடியனைக் கொண்டு செய்விச்சனான். மழை வந்தா சும்மா சும்மா விழும். விழுந்தா ஏத்துறதுக்கு ஆர் இருக்கினம்? முழங்கால் நோவோட கதிரையில ஏற எனக்கு ஏலாது. ஒருக்கா ரெண்டு நாள் இருட்டுக்குள்ள இருந்தனான்."

ரெண்டு நாள். சுவருக்குப் பின்னால், என் பகுதியில், அப்போது யாராவது குடியிருந்தார்களா என்று நான் கேட்கவில்லை.

நானா கோபிக்கவில்லை. "ஆள் சாகாம இருக்கத்தான் இது. இப்ப சும்மா சுவருல தொங்குது," என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். இரண்டு பகுதியிலும் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டு போனார். கடைசியில் கிணற்றடி மோட்டாரில்தான் கசிவு இருந்தது. சுவரோரம் மண்ணில் அடித்திருந்த ஏர்த் கம்பியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். அரைவாசியில் முறிந்து கையோடு வந்தது.

"உப்புக் காத்து திண்டு முடிச்சிட்டுது," என்றார்.

சனியும் ஞாயிறும் வேலை நடந்தது. மோட்டாரைக் கழற்றித் திருத்தக் கொண்டுபோனார். புதுக் கம்பியை ஆழமாக இறக்கினார். கருகியிருந்த பிளக் பொயின்டுகளை மாற்றினார். துண்டு வயர்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புது ட்ரிப் சுவிட்ச் பூட்டினார். மறுபடி பொத்தானை அமத்தியபோது ஃபேன் நின்றது. பின்பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த என் ரேடியோவும் நின்றது.

"இனி இது விழும். விழுந்தா கோவிக்காதீங்க. அது வேலை செய்யுது எண்டு அர்த்தம். மாசத்துக்கு ஒருக்கா அமத்திப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு மாரிமழை தொடங்கியது. ஒரு பின்னேரம், சோறு அடுப்பில் இருந்தபோது கரண்ட் போனது. சுவருக்கு அப்பாலிருந்து குரல் கேட்டது.

"தங்கச்சி! உங்கட பக்கமும் போட்டுதோ?"

"ஓம் அக்கா! வாறன்!"

குடையும் ஃபோன் வெளிச்சமுமாகச் சுற்றிப் போனேன். அக்கா கதிரையைக் கதவு நிலைக்குக் கீழே வைத்திருந்தார். நான் ஏறினேன். அவர் குனிந்து கதிரைக் கால்களைப் பிடித்துக்கொண்டார். சுவிட்சை ஏற்றினேன், விழாமல் நின்றது. வெளிச்சம் வந்ததும் இருவருமே காரணமில்லாமல் சிரித்தோம்.

"நனைஞ்சு போனீங்கள். இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

அந்த மாரி முழுவதும் இப்படித்தான் போனது. பழைய வயர்களில் ஈரம் ஏறியபோதெல்லாம் சுவிட்ச் விழுந்தது. சில வாரம் மூன்று தடவை. சுவிட்சை ஏற்ற அரை நிமிடம் போதும். தேநீருக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. அக்கா தன் வேலையைப் பற்றிச் சொல்லுவார். "தெருவில போற ஆக்களின்ர பேர் எனக்கு மறந்து போகும். ஆனா ஆர் என்ன குளிசை எடுத்தவை எண்டு மறக்காது. அந்தா போறாரே, பிரஷர் குளிசை, காலையில ஒண்டு." நான் சிரிப்பேன். ஒருநாள் அம்மாவைப் பற்றிக் கேட்டார். கடைசி எட்டு மாதம் அம்மாவைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, ஊட்டி, ஒரு விடியற்காலையில் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கை குளிர்ந்துபோனதை அவரிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். சகோதரர்கள்கூட அதைக் கேட்டதில்லை. அக்கா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அம்மா எடுத்த மருந்துகளின் பெயரைக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் "ஓம், அது வாய் கசக்கும்," "ஓம், அதுக்கு நித்திரை வரும்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மழை இருட்டும் நாட்களில் அலுவலகத்திலிருந்து சற்று வேகமாக வீட்டுக்கு நடந்தேன். ஏன் என்று அப்போது என்னையே கேட்கவில்லை.

அதைக் கெடுத்தது நான்தான். மார்கழியில் பதவி உயர்வுக்கான வகுப்பொன்று இணையவழியில் நடந்தது. மேலதிகாரி என்னிடம் கேள்வி கேட்டு, நான் வாயைத் திறந்த நேரம் கரண்ட் போனது. திரை இருண்டது. ஒழுங்கையில் தேங்கி நின்ற தண்ணீரை மிதித்துக்கொண்டு முன்பக்கம் போனேன்.

"என்னக்கா செய்தனீங்கள்? ஒவ்வொரு நாளும் இந்தக் கரைச்சல்! எனக்கு அங்க வகுப்பு நடக்குது!"

"அயன் பெட்டியைப் போட்டனான்..." என்றார்.

கதிரை ஏற்கெனவே இடத்தில் இருந்தது. மேசையில் இரண்டு கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. நான் ஏறிச் சுவிட்சைத் தட்டிவிட்டு, இறங்கி, தேநீருக்கு நிற்காமல் வந்துவிட்டேன். அடுத்த நாளே நானாவுக்கு ஃபோன் எடுத்து, என் பக்கத்தைத் தனியாகப் பிரித்துத் தரச் சொன்னேன்.

அக்காவிடம் சம்மதம் கேட்டபோது மறுக்கவில்லை. "அதுதான் நல்லது. உங்களுக்கும் கரைச்சல் இல்லை," என்றார்.

நானா வந்து என் குசினிச் சுவரில் எனக்கென்று ஒரு ட்ரிப் சுவிட்ச் பூட்டினார். அக்காவின் சுவிட்சையும் தோள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார். இனி அவர் கதிரையில் ஏறத் தேவையில்லை. ஈரம் ஏறிய பழைய வயரையும் மாற்றினார். நல்ல வேலை, குறை சொல்ல ஏலாது.

"இப்ப அந்தப் பக்கம் விழுந்தா இந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியவே தெரியாது மிஸ்," என்றார் பெருமையாக.

உண்மைதான். தெரியவே இல்லை. மாரி முடிந்து தை பிறந்தது. வெள்ளிக்கிழமைகள் பழையபடி நீண்டன. துறைமுகத்தில் கப்பல் ஊதும் சத்தமும், வேலியோரம் ஊருக்குள் திரியும் மான்கள் குப்பைப் பையை இழுக்கும் சத்தமும் கேட்கும். சுவருக்கு அப்பால் ரிவிச் செய்திகள் கேட்கும். ஒருதடவை அது சட்டென்று நின்றது. காலடிச் சத்தம், டக் என்ற ஒலி, பிறகு மறுபடியும் ரிவி. நான் எழுந்து நின்றிருந்தேன். திரும்பவும் உட்கார்ந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு பின்னேரம் போய் அவர் கதவைத் தட்டினேன்.

"என்ன தங்கச்சி, கரண்ட் போட்டுதோ?"

"இல்லையக்கா. சும்மாதான்."

அவர் முகத்தில் ஒரு தடுமாற்றம். சும்மா வருகிறவர்களை எங்கே இருத்துவது என்று மறந்துபோனவர் மாதிரி இருந்தது. பிறகு ஒரு கதிரையைத் துடைத்துவிட்டுத் தேநீர் போடப் போனார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் தேநீரை ஊதினோம். பேச்சை எங்கே தொடங்குவது என்று எனக்கும் தெரியவில்லை.

"அண்டைக்கு நான் அப்பிடிக் கத்தியிருக்கக் கூடாது, அக்கா."

"எண்டைக்கு?" என்று கேட்டார். அவருக்கு ஞாபகம் இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. "அதை விடுங்கோ. தேத்தண்ணி ஆறுது."

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவைதான் போனேன். இன்னும் போயிருக்கலாம். இடையில் இருந்தது ஒரு சுவர் மட்டுந்தான். பங்குனியில் மகள் வந்து அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். போகிற காலையில் அக்கா என் கையைப் பிடித்து, "நல்லாச் சாப்பிடுங்கோ, மெலிஞ்சு போனீங்கள்," என்றார். அவர்களை ஏற்றிய வேன் திரும்பும்வரை ஒழுங்கை முகப்பில் நின்றேன்.

முன்பகுதியில் இப்போது ஒரு குடும்பம் இருக்கிறது. நல்ல மனிதர்கள். தாயும் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் சண்டை பிடிப்பதும் சிரிப்பதும் சுவர் வழியாகக் கேட்கும். அவர்களுக்கு என்னால் ஆக வேண்டியது எதுவும் இல்லை.

சித்திரையில் ஒருநாள் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. குளிர் என்றார், மகளின் வீடு பெரிது என்றார், எல்லா வசதியும் இருக்கிறது என்றார். என் பக்கம் இப்போதும் சுவிட்ச் விழுகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"நான் ஞாயிற்றுக்கிழமைகளில எடுக்கட்டோ, அக்கா?" என்று கேட்டேன்.

"ஞாயிறு வேண்டாம், மகள் வீட்டில நிப்பா. செவ்வாயில எடுங்கோ. செவ்வாய்தான் மகள் வேலையால பிந்தி வருவா, பகல் போகாது."

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் அலுவலகம் தொடங்க முன், பின்படிக்கட்டில் நின்று அவருக்கு ஃபோன் எடுக்கிறேன். அங்கே அப்போது மத்தியானம். சில செவ்வாய்களில் நித்திரையாகிவிடுவார், மணி அடித்து ஓயும். அவர் ஃபோனைத் தூக்கும் நாட்களில் நான் அதிகம் பேசுவதில்லை. அங்கே தெருவில் யாரும் நடப்பதில்லை, யார் என்ன குளிசை எடுக்கிறார்கள் என்று தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார். எட்டரைக்கு நான் வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட உள்ளே போக வேண்டும்.